திருவிழாவுக்கு மறுநாள்

ஹருவோ கொலையாவதற்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. அதனால் மங்கையர்க்கரசி அவசரப்படாமல் தலைக்கு எண்ணெய் தேய்த்து, அந்த மாதப் பங்கில் மிச்சம் பிடித்திருந்த பன்னிரண்டு லிட்டர் தண்ணீரிலும் ஆசை தீரக் குளித்தாள். செவ்வாய்க் கிரகத்தின் தென்பள்ளக் குடியிருப்பில் ஓய்வு வாரத்துக்கு முன்னால் எல்லோரும் இப்படிக் குளிப்பதுதான் வழக்கம். ஏழு நாள் தலைப்பட்டை மாட்டிப் படுத்துக் கிடக்கப் போகிறவர்கள் குளிக்காமல் வந்தால் பக்கத்துக் கட்டில்காரர்கள் பாவம்.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. காற்றுவடிகட்டி ஆய்வாளர் வேலை. வருடம் முழுவதும் குழாய்களுக்குள் தலையை விட்டுச் செம்மண் தூசியைத் தும்முகிறவள், பூமிக் கணக்கில் வருடத்துக்கு ஒரு வாரம் மழை பார்க்கப் போவாள். செவ்வாயில் மழை கிடையாது. மழை இருந்தது ஒரு பழைய கதைக்குள்.

அது ஜப்பானில் எழுதப்பட்ட கதை வரிசை. ஆதியில் படமும் எழுத்துமாகத் திரையில் வரும், பொத்தானை அழுத்தி அழுத்திப் படிப்பார்களாம். பிற்பாடு யாரோ அதைத் தலைப்பட்டை மாட்டி உள்ளே போய் நடமாடக்கூடிய நுழைகதையாக்கி, கதைமாந்தர்களுக்குச் சொந்த மதியும் கொடுத்துவிட்டார்கள். கசுமிதானி என்றொரு மலைக்கிராமம். அங்கே ஏழு நாள் விளக்குத் திருவிழா. கடைசி நாள் மாலையில் ஊர்த் தபால்காரன் ஹருவோ மணிக்கோபுரத்துப் படியேறுவான். அந்த நொடியில் எல்லாம் உறைந்து நிற்கும், உள்ளே வந்தவர்களிடம் வானத்திலிருந்து ஒரு குரல் கேட்கும்: இவனைக் கொல்லப் போவது யார்? பெயரைச் சரியாகச் சொன்னால் அவன் பிழைப்பான், கதை முடியும். தப்பாகச் சொன்னால் மணி தானாக அடிக்கும், மணித்தெய்வத்தின் சாபம் என்று ஊர் நடுங்கும், ஹருவோ சாவான், காலம் சுருண்டுகொண்டு மறுபடியும் முதல் நாள் மழைக்கு வந்து நிற்கும். முடிந்த கதையை மறுபடி தொடங்கச் சட்டம் விடாது. குடியிருப்பில் இருந்ததோ ஒரே பிரதி.

தமிழாக்கியவர் யாரோ திருநெல்வேலிக்காரர். அவர் புண்ணியத்தில் கசுமிதானி மக்கள் அத்தனை பேரும் தாமிரபரணிக் கரைத் தமிழ் பேசினார்கள்.

அரசிக்கும் அவள் வகுப்புத் தோழன் இருதயநாதனுக்கும் தோழி ஃபரீதாவுக்கும் கொலையாளி யாரென்று நாற்பது வருடமாகத் தெரியும். இரண்டாம் வருடமே ஃபரீதா கண்டுபிடித்துவிட்டாள். அவர்கள் தங்கும் விடுதியை நடத்தும் சுமியே அம்மாள்தான். சாபமும் தெய்வமும் அவள் கட்டிவிட்ட கதை. மணியின் நாக்கில் ஒரு மெல்லிய கயிறு, ஹருவோவின் தேநீரில் ஒரு சிட்டிகைப் பொடி, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குக் குரல் கேட்டபோது மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்டி" என்று ஃபரீதாதான் ஆரம்பித்து வைத்தாள். அதிலிருந்து வருடத்துக்கு ஒருவர் முறை வைத்துத் தப்பான பெயர் சொன்னார்கள். பூசாரி, பள்ளிக்கூட வாத்தியார், பஸ் ஓட்டுநர் எல்லோரும் கொலையாளி ஆகிவிட்டார்கள். ஒரு வருடம் இருதயநாதன் பால்காரன் வீட்டு நாயின் பெயரைச் சொன்னான்.

ஆறு வருடம் முன்பு ஃபரீதா நுரையீரலில் தூசி கட்டி இறந்துபோனாள். ஆனாலும் அவள் கசுமிதானிக்கு வருவதை நிறுத்தவில்லை. நுழைகதையில் நிழல்துணை என்றொரு வசதி உண்டு. வர இயலாதவர்கள் முன்பு அதே வாரத்தில் நடந்த நடை, பேசிய பேச்சு, சிரித்த சிரிப்பு எல்லாம் பதிவிலிருந்து எழுந்து கூடவே வரும். இருபத்து மூன்று வயது ஃபரீதா, நீல நிறக் குடையோடு, விடுதி வாசலில் அதே இடத்தில் வழுக்கி, அதே இடத்தில் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக அரசி வருடம் முழுவதும் காத்திருந்தாள் என்று சொன்னால் அதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

தலைப்பட்டை மாட்டிக் கண்ணை மூடினாள். மழை. ஈர மண்ணின் வாசனை நெஞ்சுக்குள் இறங்கியது. பேருந்து நிறுத்தத்தில் சிவப்பு மிதிவண்டியோடு ஹருவோ நின்றான். எப்போதும் போல இருபத்தொன்பது வயது. கதையின் கணக்கில் வந்து இறங்குகிறவள் கல்லூரிப் பெண் என்பதால், இவள் தலை நரைத்த பிறகும் "வா தங்கச்சி, மழைல நனையாத" என்பதே அவன் வரவேற்பு.

இன்று அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "வாங்க எக்கா. முட்டி வலி எப்படி இருக்கு?" என்றான்.

அரசியை எக்கா என்று அவன் அழைத்ததே இல்லை. போன வருடம் விடுதிப் படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

காரணம் அவளுக்கே கொஞ்ச நேரத்தில் உறைத்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாந்தர்களின் நினைவைத் துடைப்பார்கள். துடைப்பது என்று பேருக்குச் சொல்வதுதான். உண்மையில் மூடி போட்டு இறுக்கி வைப்பார்கள். அந்த மூடியைப் பிடித்திருக்க மின்சாரம் வேண்டும். காற்றுப் பம்புகளுக்கு மின்சாரம் போதவில்லை, அநாவசியச் செலவை நிறுத்துங்கள் என்று ஆறு மாதம் முன்பு அறிக்கை கொடுத்த ஆய்வாளர் வேறு யாருமில்லை, மங்கையர்க்கரசிதான். மின்சாரத்தைக் குறைத்ததும் கனம் அதிகமான நினைவின் மூடி முதலில் திறந்துகொண்டது. நாற்பத்தொரு சாவு உள்ளே இருந்தால் கனக்காதா?

"எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துட்டு எக்கா" என்றான் ஹருவோ, வண்டியை உருட்டியபடி. "நாப்பத்தோரு தடவ. ஒவ்வொரு தடவயும் தொண்டை எரியும், மணி அடிக்கும், பொறவு மழை. இந்தத் தடவ கோபுரத்துக்குப் போவப்படாதுன்னுதான் நினைக்கேன். ஆனா கால் தானா ஏறும். கதை அப்படி."

"ஹருவோ..."

"ஒங்களுக்குத் தெரியும்லா, யாருன்னு?"

அரசி விடுவிடென்று விடுதி வாசலைத் தாண்டினாள். பின்னால் ஃபரீதா வழுக்கிச் சிரித்தாள். இருதயநாதன் எப்போதும் போலக் கைகொட்டினான்.

அடுத்த ஐந்து நாளும் அவன் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. பதிலாக ஆறாம் நாள் தன் பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் காட்டினான். அவன் பெயருக்கே வந்த கடிதம். திருவிழாவுக்கு மறுநாள் தேதி போட்டுக் கொடுக்க வேண்டியது.

"பிரிச்சுப் பாத்துர வேண்டியதுதானே?"

"அது எப்படி எக்கா? தபால்காரன் தேதிக்கு முன்னாடி பிரிக்கப்படாது. நாப்பத்தோரு வருசமா பையிலயே கெடக்கு. இதுல என்ன எழுதிருக்குன்னு பாத்துட்டா போதும் எனக்கு." பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னான். "ஃபரீதா தங்கச்சி ஒரு வருசம் என் கையப் பிடிச்சு அழுதா. அடுத்த வருஷம் சொல்லுதேன் அண்ணாச்சின்னா. அதுக்குப் பொறவு வந்தவ நிழலு."

அன்று சாயங்காலம் விடுதி முற்றத்தில் அரசி இருதயநாதனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சுமியே அம்மாள் அன்போடு சிவப்புப் பயறுப் பாயசம் வைத்துவிட்டுப் போனாள். ஃபரீதா எதிரில் உட்கார்ந்து, முப்பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய நகைச்சுவை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டா கதை முடிஞ்சிரும் அரசி" என்றான் இருதயநாதன். "மறுநாளைக்கு இவளோட பதிவே கிடையாது. நம்ம யாருமே மறுநாள்ல நடந்ததில்ல."

"தெரியும்."

"அவன் வெறும் கதைப் பாத்திரம்னு நினைச்சுக்கோயேன்."

"உன் முட்டி வலியப் பத்தி எந்தக் கதைப் பாத்திரமாவது உன்ன விசாரிச்சிருக்கா?"

இருதயநாதன் பாயசத்தைக் கிளறிக்கொண்டே இருந்தான். பிறகு, "இந்த வருஷம் தப்பா சொல்ற முறை என்னோடது. நீ முந்திக்கிட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

கடைசி நாள் மாலை ஆற்றில் நூற்றுக்கணக்கான விளக்குகள் மிதந்தன. ஹருவோவின் கால்கள் படியேறின. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிப் படியில் எல்லாம் உறைந்தது. விளக்குகள், மழைத்துளிகள், பாலத்தின் மேல் குடையை விரித்தபடி ஃபரீதா. குரல் கேட்டது.

அரசி ஃபரீதாவை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"சுமியே அம்மா. தேநீர்ல பொடி. மணில கயிறு" என்றாள்.

மணி அடிக்கவில்லை. ஹருவோ படியில் உட்கார்ந்து, தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, ஹோவென்று அழுதான். கீழே யாரோ சுமியே அம்மாளின் கையைப் பிடித்தார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, கசுமிதானியில் முதல்முறையாகத் திருவிழாவுக்கு மறுநாள் விடிந்தது. பாலத்தின் மேல் ஃபரீதா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே அவள் இல்லாமல் போனாள். அரசி பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவளுக்கு நெஞ்சு வலித்தது, இருந்தாலும் செய்தது சரி என்றே பட்டது. தூரத்தில் ஹருவோ உறையைப் பிரிப்பது தெரிந்தது. அதில் என்ன இருந்தது என்று பார்ப்பதற்குள் கதை அவளை வெளியே அனுப்பிவிட்டது.

முடிந்த கதையின் மாந்தர்கள் தங்கள் பாட்டுக்கு வாழலாம் என்று சட்டம் இருந்தது. குடியிருப்பின் கணினிக்குள் கசுமிதானி தன் போக்கில் ஓடியது. அடுத்த வருட ஓய்வு வாரத்துக்கு அரசி எங்கும் போவதாக இல்லை. குளியல் தண்ணீரைக்கூட அவள் சேர்க்கவில்லை. நாற்பத்தொரு சாவுக்குப் பிராயச்சித்தம் செய்துவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் அவளைத் தலை நிமிர்ந்து நடக்க வைத்தது.

ஓய்வு வாரத்துக்குப் பத்து நாள் முன்பு கணினி வழியாக அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவன் ஹருவோ. இருதயநாதனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உரக்கப் படித்தாள்.

"அன்புள்ள எக்காவுக்கு ஹருவோ எழுதிக்கொள்வது. நலம். அந்த உறையில இருந்தது மாற்றல் உத்தரவு. டவுன் தபால் நிலையத்துல கடிதம் பிரிக்கிற வேலை. சன்னல் இல்லாத அறை. மழை பெஞ்சா சத்தம் மட்டும் கேக்கும். எனக்கும் முட்டி வலி வந்துட்டு. இங்க ஊர்ல எல்லாருக்கும் இப்பம் ஞாபகம் திரும்பிட்டு. சாயங்காலமானா கூடி உக்காந்து அந்த ஏழு நாளப் பத்தித்தான் பேச்சு. எப்படி விளக்கு, எப்படிப் பாயசம், ஃபரீதா தங்கச்சி எப்படி வழுக்குவா! விடுதி பூட்டிக் கெடக்கு. இந்த வருசத் திருவிழால கூட்டமே இல்ல. அந்த வாரம் மாதிரி வராது எக்கா."

அரசி நிறுத்தினாள். இருதயநாதன், "மேல படி" என்றான்.

"ஊர் கூடி மனு எழுதிருக்கோம். இருநூத்திப் பன்னிரெண்டு பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து என்னது. கதைய முடிச்சு வச்சவங்கன்னு ஒங்க பேர்ல பதிஞ்சிருக்கதால ஒங்க சம்மதம் இருந்தா திரும்ப அந்த வாரத்துலயே எங்கள வைக்கலாம், நாங்களே கேட்டுக்கிட்டா சட்டம் தடுக்காதுன்னு ஆபீஸ்ல சொல்லுதாவ. சாவறது ஒரு சாயங்காலந்தானே. மத்த ஆறு நாளும் எப்பேர்ப்பட்ட நாளு! நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும். மூணாவது தங்கச்சியும் வந்துருவா. வானத்துலருந்து கேள்வி கேட்டா யார் பேர வேணும்னாலும் சொல்லுங்க. சுமியே அம்மா பேர மட்டும் மறுபடி சொல்லிராதீய."

அரசிக்கு ஆத்திரமாகவும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அடியில் எங்கேயோ நீல நிறக் குடை ஒன்று விரிந்தது. அவள் எழுந்து போய்த் தண்ணீர்ப் பங்கின் மீதியைப் பார்த்தாள். நாலு லிட்டர்தான் இருந்தது.

"இருதயம்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "போன வருஷம் உன் முறைய நான் எடுத்துக்கிட்டேன். அப்போ இந்த வருஷம் தப்பா சொல்றது யாரு, நீயா, நானா?"