திம்மராயனின் முறை

முதல் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து, பூட்டைத் திறந்து, கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த ராஜசேகர் சட்டென்று எழுந்துவிட்டான். நாற்காலி சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை. ஜன்னலைப் பழைய பிளக்ஸ் பேனரால் ஆணியடித்து மறைத்து வெகுநாள் ஆகிறது. அந்த அறைக்குள் மத்தியானத்திலும் மாலை வெளிச்சம்தான் இருக்கும். ஒரு ஆள் நெடுநேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போனால் இருக்குமே, அந்தச் சூடு. ரெக்ஸின் உறையின் நடுவில் விழுந்திருந்த பள்ளம் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல உப்பி மேலே வந்தது.

மின்விசிறியைப் போட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றான். திம்மராயன் உயிரோடு இருந்தபோதுகூட இந்த நாற்காலி இப்படிச் சூடாக இருந்ததில்லை.

மூக்கண்டப்பள்ளியில் சரோஜம்மாள் வீட்டு மாடியறை அது. இரண்டு பேர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, விண்வெளி விளையாட்டில் ஒரே கணக்கு. ராஜசேகருக்கு முதல் ஷிப்ட், திம்மராயனுக்கு இரண்டாவது. காலையெல்லாம் திம்மராயன் கப்பல் ஓட்டுவான். சாயங்காலம் ராஜசேகர் ஓட்டுவான். ஒருவன் கிரகத்தில் சரக்கு ஏற்றினால் மற்றவன் இறக்குவான். கம்பெனியில் இருவருக்கும் ஒரே இயந்திரம் வேறு. நாற்காலியானாலும் இயந்திரமானாலும் ஒருவன் எழுந்தால் இன்னொருவன் முறை.

அப்படிச் சேர்த்த விளையாட்டுப் பணத்தில் நெடும்பயணத்துக்கு ஒரு கப்பல் வாங்குவதென்று முடிவு செய்தார்கள். யாரும் போகாத வான ஓரம்வரை போக வேண்டும். எந்தக் கப்பல் என்பதில்தான் தகராறு. ஒல்லியாய், இலேசாய், ஒரே தாவலில் வெகுதூரம் போகும் கப்பலுக்குத் திம்மராயன் கொக்கு என்று பெயர் வைத்தான். பெரிய எண்ணெய்த் தொட்டியும், பழுது பார்க்கும் கருவியும், இரண்டு இருக்கைகளும் கொண்ட தடித்த கப்பல் எருமை. ராஜசேகருக்குக் கொக்கு வேண்டும், திம்மராயனுக்கு எருமை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேன்டீனில் தட்டு காயும்வரை பேசுவார்கள்.

"கொக்கு எங்கயோ போயிடும்டா. எருமைய ஓட்டிக்கிட்டு நாம எப்பப் போய்ச் சேர்றது?"

"சேந்து என்னா பண்ணுவ? திரும்பி வர வேணாமா? வெயிட்டப் பாத்து எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, வழியில ஒன்னு ஒடஞ்சா அங்கயே கெடக்க வேண்டியதுதான். அதுல சீட்டும் ஒன்னுதான் இருக்குது."

"ஒருத்தன்தானடா ஓட்டறோம். ரெண்டு சீட்டு எதுக்கு?"

"இருக்கட்டும் மச்சி," என்று திம்மராயன் சிரித்தான். அவன் சிரித்தால் எதிரில் இருப்பவன் தோற்றுப்போனது போலத்தான்.

கொக்கு பாதி விலைக்கு வந்த அன்று ராஜசேகர் ஒரு திருட்டு வேலை செய்தான். திம்மராயன் ஷிப்டுக்குள் போய்விட்டால் போனை வெளியே வைத்துவிட வேண்டும், எந்தத் தகவலும் போகாது. அந்த நேரத்தில் வாங்கிவிட்டால் அப்புறம் என்ன செய்வான்? ஆனால் அன்றைக்கென்று இயந்திரம் மக்கர் பண்ணியது. ரோபோ இருக்கும் கம்பிக்கூண்டுக்குள் இரும்புத் துண்டுகள் சிக்கிக்கொண்டே இருந்தன. கூண்டுக் கதவைத் திறந்தால் ரோபோ நின்றுவிடும். மறுபடி ஓட விடுவதற்குள் நேரம் போய்விடும். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கதவின் பூட்டில் உதிரிச் சாவி ஒன்றைச் செருகிவிட்டால், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக ரோபோ நினைத்துக்கொண்டு ஓடும். எல்லோரும் செய்வதுதான், அன்று ராஜசேகரும் செய்தான். போகும்போது எடுத்துவிட்டு, அடுத்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள்.

அன்று ஷிப்ட் மாறும்போது திம்மராயன் தூரத்தில் கையுறையை மாட்டிக்கொண்டே வருவதைப் பார்த்தான். நேருக்கு நேர் பார்த்தால் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். ராஜசேகர் பின்பக்கக் கதவு வழியாக நழுவினான். சாவியையும் எடுக்கவில்லை, வார்த்தையும் சொல்லவில்லை. அறைக்கு வந்து கொக்கை வாங்கி, அதற்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கதவைத் திறந்தால் ரோபோ நின்றுவிடும் என்று நம்பிக் கூண்டுக்குள் போன திம்மராயனை அது நசுக்கிவிட்டிருந்தது.

"பூட்டுல சாவி எப்படி வந்துச்சு?" என்று சூப்பர்வைசர் பரமசிவம் கேட்டார். கேமரா அந்தக் கதவைப் பார்க்கவில்லை.

"நான் கெளம்பி வர்றப்ப இல்ல சார்."

அவ்வளவுதான். திம்மராயன் தானே சாவியைப் போட்டுவிட்டுத் தானே உள்ளே போய்ச் செத்தான் என்று ஆகிவிட்டது. காரியம் முடிந்த மறுவாரம் வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து அவன் அம்மா வெங்கடம்மா போன் செய்தாள். மகனைக் கூப்பிடுகிற அதே 'நாயனா'தான் அவளுக்கு ராஜசேகரும்.

"அவன் தங்கச்சி கவிப்ரியாவுக்குக் கம்பெனியில வேலை தர்றோம்னு சொன்னவங்க, இப்ப அவன் மேல தப்புன்னு சொல்லி முடியாதுன்றாங்க நாயனா. வேலை போனா போவுது. ஊர்ல எம் புள்ளைய, திமிரு புடிச்சு செத்தான்றாங்க. அவன் அப்படியா? நீ கூடவே இருந்தவன். நீ ஒரு வார்த்த சொல்லு, நான் நம்பறேன்."

"எனக்குத் தெரியலம்மா," என்றான் ராஜசேகர். போனை வைத்த பிறகு வெகுநேரம் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. பிறகு கம்ப்யூட்டரைப் போட்டான்.

போய்விட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. நிஜத்தில் எங்கே போவது? கொக்கில் போகலாம். பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றினான். பழுது பார்க்கும் கருவியைக் கழற்றினான். ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்றத் தாவும் தூரம் ஏறியது. திரும்பி வருவதற்கு என்று இருந்த எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது.

நாற்காலி சூடாக இருந்த அன்று கப்பலைத் திறந்து பார்த்தால், கழற்றியதெல்லாம் திரும்ப மாட்டியிருந்தது.

சேமிக்க மறந்திருப்போம் என்று மறுபடி கழற்றினான். மறுநாளும் மாட்டியிருந்தது. கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினான். அடுத்த நாள் படியேறும்போது சரோஜம்மாள் கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"ஏப்பா ராஜு, வேலைக்குப் போறப்ப அந்தப் பொட்டிய அமத்திட்டுப் போ. காலம்பறயில இருந்து டக்கு டக்குனு ஒரே சத்தம். நான் அந்தப் பையன்தான் வெளையாடறான்னு நெனச்சிட்டு இருந்துட்டேன். அப்பறந்தான் எனக்கு ஞாபகமே வந்துச்சு."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். ராஜசேகர் மிச்சப் படிகளை ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த நாள் மின்சாரக் கம்பியைப் பிடுங்கி, மவுசைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக் கம்பெனிக்கே எடுத்துப் போனான். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அறை முழுக்கக் கம்ப்யூட்டரின் மெல்லிய இரைச்சல். திரையின் நீல வெளிச்சம் எதிர்ச் சுவரில் தொங்கிய திம்மராயனின் துண்டின் மேல் விழுந்திருந்தது. இயந்திரத்தில் ஊற்றும் கூலன்ட் எண்ணெயின் புளித்த வாடை. அது தன் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று முதலில் நினைத்து, முகர்ந்து பார்த்தான். சட்டையில் இல்லை. நாற்காலிப் பக்கம் போகப் போகத்தான் கூடியது. கப்பல் கொட்டகையில் கொக்கு இல்லை. அதை விற்று எருமை வாங்கப்பட்டிருந்தது. தொட்டிகள் நிரம்பியிருந்தன. முன்னால் இரண்டு இருக்கைகள்.

பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. செத்தும் விட மாட்டாயா என்று வாய்விட்டே சொன்னான். சொன்ன பிறகு அந்த வார்த்தை தனக்கே கேவலமாகப் பட்டது. உட்கார்ந்து எருமையில் இருந்ததையெல்லாம் வெறியோடு கழற்றினான். கருவி, கவசம், உபரித் தொட்டி. தாவும் தூரம் ஏறவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்ட காலிக் கப்பலில் ஒரு ஆள் எடை மட்டும் குறையாமல் நின்றது. எதைக் கழற்றினாலும் அது போகவில்லை.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஒருவன் எழுந்தால்தானே இன்னொருவன் உட்கார முடியும்? நான் எழுந்திருக்காவிட்டால்?

ராத்திரிச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்தான். தூக்கம் வந்தபோது தலையை உலுக்கிக்கொண்டான். ஓசூர்க் குளிர் கதவிடுக்கு வழியாக வந்து கணுக்காலைத் தொட்டது. நெடுஞ்சாலையில் லாரிகள் கர்நாடகாப் பக்கம் போய்க்கொண்டிருந்த சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து, விடிகிற நேரத்தில் பனி இறங்கியதும் ஊரே வாயைப் பொத்திக்கொண்டது போலாகிவிட்டது. கப்பலை வான ஓரத்தைப் பார்த்துத் திருப்பி ஓட்டிக்கொண்டே இருந்தான்.

தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவன் எழவில்லை. மறுபடி அடித்தது. பிறகு கிளம்பிப் போய்விட்டது.

இனி திம்மராயனின் முறை.

கீழே சரோஜம்மாள் போட்ட தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது. அமைதி. துண்டு அசையவில்லை. கதவு திறக்கவில்லை. ராஜசேகர் மூச்சை விட்டான். வரவில்லை. வர முடியாது. இடம் இல்லை.

நாற்காலி 'புஸ்' என்று மெல்லப் பெருமூச்சு விட்டு, ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

தொடையில் சூடு. பிறகு எடை. அவசரமில்லாமல், வேலைக்குப் போகுமுன் இன்னும் நிறைய நேரம் இருக்கிற ஒருவன் உட்காருவது போல. மடியில். நெஞ்சோடு ஒட்டி ஒரு முதுகு. ஈரமாக. கூலன்ட் வாடை மூக்கை அடைத்தது. மடியில் யாரும் தெரியவில்லை. திரை நன்றாகத் தெரிந்தது. எழ முயன்றான். முடியவில்லை.

அவன் கைகளின் மேல் இரண்டு கைகள் வந்து படிந்தன. சூடாக. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஆனாலும் விசைகளை அழுத்தின, அவன் விரல்களை வைத்தே. டக். டக். டக். திரையில் எருமை மெதுவாகத் திரும்பியது. வீட்டைப் பார்த்து.

விசைப்பலகைக்குப் பக்கத்தில் போன் ஒளிர்ந்தது. வெங்கடம்மா.

இடது கையின் மேலிருந்த கை எழுந்தது. அந்தக் கையை மட்டும் விட்டுவிட்டது. ராஜசேகருக்குப் புரிந்தது. எடுக்கலாம். சொல்லலாம். அதற்காகத்தான். அழுகை முட்டியது. போனைத் தொட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"எழுந்துட்டியா நாயனா? ராத்திரி பூராத் தூக்கமே இல்ல. நீயே சொல்லு. அந்தச் சாவிய எம் புள்ளதான் போட்டானா?"

வாயைத் திறந்தான். சொல்லிவிடத்தான் திறந்தான். போலீஸ். பரமசிவம். ஊரில் அப்பா. எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. மடியில் இருந்தது அசையாமல் காத்திருந்தது.

"எனக்குத் தெரியலம்மா."

அந்தப் பக்கம் அவள் எதையோ உற்றுக் கேட்பது போலிருந்தது.

"ராஜு," என்றாள் வெங்கடம்மா. குரல் மாறியிருந்தது. "உங்கூட யாருப்பா?"

"யாரும் இல்லம்மா."

"இல்ல. மூச்சு கேக்குது. பெத்தவளுக்குத் தெரியாதா?" அவள் போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள் போலிருந்தது. "திம்மராயா? நாயனா? நீயா?"

மடியிலிருந்தது அம்மாவின் குரலைச் சாவகாசமாகக் கேட்க இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. முன்னால் அல்ல. பின்னால், அவன் நெஞ்சுக்குள். விலா எலும்பு ஒன்று மெல்ல முறிந்தது. கத்துவதற்கு உள்ளே காற்றில்லை.

"பேசுப்பா," என்றாள் அவள். "எவ்வளவு நேரமானாலும் அம்மா போன வெக்க மாட்டேன்."

நாற்காலி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.