செண்பகனூரில் வேகாத பருப்பு

பருப்பு இன்றைக்கும் வேகவில்லை.

கந்தம்மாள் சட்டியின் மூடியைத் திறந்து கரண்டியால் கிளறினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பருப்போ ஓடையில் கிடக்கும் கூழாங்கல் போல உருண்டுகொண்டிருந்தது.

"அப்ப இன்னிக்கும் கல்லுச் சாம்பார்தானா?" என்று தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே வேலப்பன் கேட்டார்.

"பல்லு இருக்குல்ல, கடிச்சுத் தின்னுங்க!"

வேலப்பன் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் இடையே பஸ் ஓட்டுபவர். காலையில் முதல் பஸ்ஸை மலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் குடும்பம் பழனியை விட்டு, கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூருக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

"எல்லாம் அந்தச் சேனாதிபதி கடைப் பருப்பு. எந்தக் காலத்துச் சரக்கோ!" என்று கந்தம்மாள் பொரிந்தாள். "பழனியில உலையில போட்டுட்டு வெங்காயம் உரிச்சு முடிக்கிறதுக்குள்ள வெந்து குழைஞ்சு கெடக்கும்."

மகள் சண்முகசுந்தரிக்குப் பருப்பு தொண்டையில் சிக்கியது. சேனாதிபதியின் மகள் லீலாதான் இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த ஒரே தோழி. பள்ளிக்குப் போன முதல் நாள், குளிரில் பற்கள் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தவளின் கழுத்தில் தன் மப்ளரைக் கழற்றிச் சுற்றிவிட்டவள்.

அம்மா வீட்டுக்குள் திட்டியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் தெருக்குழாயடியிலும் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் அதைக் கேட்டாள். பாப்பம்மாள் கேட்டால் செண்பகனூரே கேட்ட மாதிரி.

அந்த வாரமே லீலா வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள்.

"லீலா, என்னடி ஆச்சு?"

"உங்கம்மாவையே போய்க் கேளு. எங்க கடையில பழைய சரக்குன்னு எல்லாரும் மேட்டுக் கடைக்குப் போறாங்க. எங்கப்பா யார்கிட்டயும் பேசாம உக்காந்திருக்காரு." லீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நாங்களும் அதே பருப்பத்தான திங்கிறோம்?"

"உங்க வீட்ல வேகுதா?"

"வேகாம? எங்கம்மா ராத்திரியே ஊறப் போட்டுருவாங்க. வெள்ளனே எந்திரிச்சு அடுப்புல ஏத்துனா, நாங்க ஸ்கூலுக்குக் கெளம்பும்போது வெந்திருக்கும்."

"அவ்வளவு நேரமா!"

"பருப்புன்னா அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்."

சுந்தரிக்குக் குழப்பமாகிவிட்டது. வெங்காயம் உரிப்பதற்குள் வேகும் என்கிறாள் அம்மா. விடியலில் வைத்தால்தான் வேகும் என்கிறாள் லீலா. இருவரும் பொய் சொல்லுகிறவர்கள் இல்லை. அப்படியானால் பொய் சொல்வது யார்? பருப்பா?

அதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

அன்று மாலை டப்பாவிலிருந்து இரண்டு கை பருப்பை எடுத்துத் துணியில் முடிந்து அப்பாவிடம் கொடுத்தாள். "அப்பா, நாளைக்குப் பழனியில அத்தை வீட்ல இதைக் குடுத்து வேகவைக்கச் சொல்லுங்க. அத்தை வீட்டுப் பருப்புலயும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க."

"பஸ்ஸுல ஆளு ஏத்துறதா, பருப்பு ஏத்துறதா?" என்று சிரித்தாலும், வேலப்பன் முடிச்சை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் இரவு அவர் செய்தியோடு வந்தார். "உங்க அத்தை போட்ட வேகத்துல வெந்து, வெண்ணெயாட்டம் மசிஞ்சிருச்சாம். நல்ல பருப்பு, எந்தக் கடைன்னு கேக்குறா."

கந்தம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை. "அங்க காஞ்ச விறகு. இங்க பனியில நனைஞ்ச விறகு. எப்படி எரியும்?" என்றாள்.

அத்தை கொடுத்தனுப்பிய பழனிப் பருப்பைச் சுந்தரியே சட்டியில் போட்டாள். ஈரமில்லாத விறகாகப் பொறுக்கி வைத்தாள். தீ திகுதிகுவென்று எரிந்தது, தண்ணீர் துள்ளியது. பழனிப் பருப்பும் கூழாங்கல்லாகவே கிடந்தது.

"அப்ப இந்த ஊர்த் தண்ணிதான் சரியில்ல" என்றாள் அம்மா.

"அப்பா, பழனித் தண்ணி ஒரு கேன்ல…" என்று சுந்தரி ஆரம்பித்தாள்.

வேலப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னிக்குத் தண்ணி கேப்ப. நாளைக்கு இடும்பனாட்டம் பழனி மலையையே காவடி கட்டித் தூக்கிட்டு வாங்கம்ப. ஆள விடு தாயி!"

விடை வேறொரு பாத்திரத்திலிருந்து கிடைத்தது.

பள்ளியில் அன்று டீச்சர் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, கண்ணாடிக் குவளையில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. இங்கே தண்ணீர் குமிழி விட்டுத் துள்ளியது. தெர்மாமீட்டரோ தொண்ணூற்று நான்கிலேயே நின்றுவிட்டது.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு டீச்சர்!" என்று பையன்கள் கத்தினார்கள்.

டீச்சர் இன்னொன்றை எடுத்து விட்டார். அதுவும் தொண்ணூற்று நான்கு.

"தெர்மாமீட்டர் மேல பழி போடாதீங்க" என்று அவர் சிரித்தார். "மலை மேல காத்து லேசா இருக்கும். தண்ணியை அமுக்கிப் பிடிக்க அந்தக் காத்துக்குப் பலம் போதாது. அதனால தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சு ஆவியாயிடும். அதுக்கு மேல சூடு ஏறாது."

சுந்தரி சட்டென்று எழுந்தாள். "டீச்சர், அப்ப எவ்வளவு விறகு வச்சாலும் ஏறாதா?"

"ஏறாது."

"அந்த ஆவியை வெளிய விடாம அமுக்கிப் பிடிச்சா?"

"பிடிக்க முடிஞ்சா ஏறும். ஆனா அதுக்குன்னு செஞ்ச பாத்திரமா இருக்கணும். சாதாரணச் சட்டிய மூடிப் பிடிச்சா வெடிச்சிரும்."

சுந்தரி உட்காரவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் வீட்டுப் பரணில் இருக்கும் ஒரு பளபளப்பான பாத்திரம் வந்து நின்றது.

அது ஒரு எலக்ட்ரிக் பிரஷர் குக்கர். லண்டனுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டுச் சாமான்களை விற்றபோது வேலப்பன் ஆசையாக வாங்கி வந்தது. நம் ஊர் பிளக்கும் மாட்டி வைத்திருந்தார். "கரண்டும் ஆவியும் ஒண்ணாச் சேர்ந்தா வீடு நிக்குமா?" என்று சொல்லிவிட்டாள் கந்தம்மாள். அன்றிலிருந்து அது சின்ன வெங்காயம் கொட்டி வைக்கும் பாத்திரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலப்பனுக்கு விடுமுறை. சுந்தரி வெங்காயத்தை முறத்தில் கொட்டிவிட்டு, குக்கரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவை. அரிசிம்பருப்புச் சோறு. நீ தாளிச்சுக் குடு, மத்தத நானும் அப்பாவும் பாத்துக்கிறோம்."

"நான் வாசல்ல நின்னுக்குவேன்" என்றாள் அம்மா. ஆனாலும் அவளுக்கும் என்ன நடக்கும் என்று பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

கந்தம்மாள் வெங்காயமும் பூண்டும் மிளகாயும் அடுப்பில் வதக்கிக் குக்கருக்குள் கொட்டினாள். சுந்தரி அரிசியையும் ஊறவைக்காத பருப்பையும் போட்டு, தண்ணீரை அளந்து ஊற்றினாள். வேலப்பன் மூடியைத் திருகி, அதன் ஆவித் துளை மேல் குண்டை வைத்தார். "தானா ஆவி அடங்குற வரைக்கும் யாரும் மூடியத் தொடக்கூடாது" என்று பஸ்ஸில் படியில் நிற்பவர்களை அதட்டுவது போலச் சொன்னார்.

சுவிட்சைப் போட்டதும் வீட்டு பல்பு ஒருமுறை மங்கியது. கந்தம்மாள் வாசலுக்கு ஓடினாள்.

முதலில் சத்தமே இல்லை. பிறகு உள்ளே ஏதோ முணுமுணுத்தது. குண்டு ஆடத் தொடங்கியது. திடீரென்று "உஸ்ஸ்ஸ்!" என்று ஒரு சீறல். வேலப்பன் ஒரே தாவலில் மனைவியின் பக்கத்தில் போய் நின்றார்.

"மலை ரோட்டுல பஸ் ஓட்டுற ஆளு!" என்றாள் கந்தம்மாள்.

"உனக்குத் துணையாத்தான் வந்தேன்."

சுந்தரி மட்டும் தள்ளி நின்று குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போகத் துடிக்கும் ஆவியை அந்தச் சின்னக் குண்டு அமுக்கிப் பிடித்திருந்தது. லேசான காற்றால் செய்ய முடியாததை அது செய்துகொண்டிருந்தது.

சுவிட்சை நிறுத்தி, சீறல் முழுக்க அடங்கிய பிறகு வேலப்பன் மூடியைத் திறந்தார். கமகமவென்று மணம் எழுந்தது. கந்தம்மாள் உள்ளே வந்து ஒரு பருப்பை எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்தாள். அழுத்துவதற்கு முன்பே அது மசிந்தது.

மூவரும் நெய் விட்டுச் சாப்பிட்டார்கள். வேலப்பன் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

"இது எந்தக் கடைப் பருப்பு?" என்று கடைசியில் கந்தம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"சேனாதிபதி மாமா கடைதாம்மா" என்றாள் சுந்தரி.

கந்தம்மாள் கை கழுவிவிட்டுப் பையை எடுத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"பருப்பு வாங்க."

"டப்பா நெறையக் கெடக்கே?"

"உங்களுக்கு பஸ்ஸு சோலி தெரிஞ்சாப் போதும்!"

சுந்தரியும் பின்னாலேயே ஓடினாள். சேனாதிபதி கடையில் லீலா கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தெருக்குழாயில் பாப்பம்மாளும் இன்னும் நாலு பேரும் குடத்தோடு நின்றார்கள். குழாயடிக்கு நன்றாகக் கேட்கும்படி கந்தம்மாள் குரலை உயர்த்தினாள்.

"அண்ணே! துவரம்பருப்பு ரெண்டு கிலோ போடுங்க!"

சேனாதிபதி நிமிராமலே சொன்னார். "என் கடைப் பருப்புதான் வேகாதே, தங்கச்சி."

"யாரு சொன்னா? நான்தான் சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன்! பழனியில இதே பருப்பு வெண்ணெயாட்டம் வெந்திருக்கு. மலை மேல எல்லாப் பருப்பும் மெதுவாத்தான் வேகுமாம். எம் மக கண்டுபிடிச்சு, குக்கர்ல வேகவும் வச்சுக் காட்டிட்டா. பாப்பம்மா, கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சுக்கா!" என்றாள் பாப்பம்மாள். அவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டுக் கடைப் பக்கம் வந்தாள். இந்தச் செய்தியும் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

சேனாதிபதி இப்போதுதான் நிமிர்ந்தார். பருப்பை நிறுத்து, பொட்டலத்தின் மேல் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். "நான் பொறந்ததுல இருந்து இந்த மலையிலதான் இருக்கேன். கீழ வெரசா வேகும்னு எனக்கும் தெரியாது தங்கச்சி."

லீலா மெல்ல எழுந்து வந்து சுந்தரியின் பக்கத்தில் நின்றாள். மூலையில் இருந்த சாக்கைக் காட்டி அவள்தான் முதலில் கேட்டாள்.

"அந்தக் குக்கர்ல காஞ்ச மொச்சை கூட வேகுமாடி? எங்க வீட்ல ஒரு நாளெல்லாம் ஆகும்."

சுந்தரி யோசித்தாள். "தெரியலையே. ஒரு கை எடுத்துட்டு வா, போட்டுப் பாத்துருவோம்!"