இரவல் வாக்குமூலம்

கட்டிலில் பிணம்.

தலையணை மகளின் மடியில்!

இறந்தவருக்கு அவள் ஒரே பிள்ளை. இருபத்திரண்டு வயது. ஆட்டிசம். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு போன் தொங்கியது.

“என்னம்மா நடந்துச்சு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அண்ணன் கதையை முடிச்சாச்சு.”



“கேட்டீங்களா சார்?” சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். போலீசுக்குத் தகவல் சொன்னவரும் அவர்தான். “புத்தி குழம்பி, அப்பாவைப் போய் அண்ணன்ங்குது. பாவம், ஜெயில் வேண்டாம். காப்பகத்துல விட்டுடலாம். பூட்டி வச்சுப் பாத்துப்பாங்க...”

பெண் போலீஸ் அவள் பக்கத்தில் குனிந்தாள். “எழுந்து வாம்மா. அப்பா தூங்கட்டும்.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

பேசியது... போன்!

“தூங்கறார்னா எழுப்பப் போயிடுவாங்க. இறந்துட்டார்னே சொல்லுங்க.”

இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார். “நீ யாரு?”

“பேச்சுத் துணை. ஏஐ. மத்தவங்க பேச்சை இவங்களுக்கும், இவங்க பேச்சை மத்தவங்களுக்கும் புரியவைப்பேன்.”

“அப்ப, அண்ணன் கதைன்னா என்ன?”

“இவங்களுக்கு அண்ணனே கிடையாது. பதற்றமானா, காதுல விழுந்ததை எழுத்து மாறாம திருப்பிச் சொல்வாங்க. யார் பேச்சுன்னு எனக்குத் தெரியாது. ‘என்ன நடந்துச்சு’ன்னு கேட்டா குழம்புவாங்க. ‘இதை யார் சொன்னது’ன்னு கேளுங்க.”

“மெஷின் உளறுது சார்!” சித்தப்பா போனைப் பிடுங்கப் பாய்ந்தார்.

அந்தக் கையை இன்ஸ்பெக்டர் பிடித்தார். விடவில்லை.

“இதை யாரும்மா சொன்னது?”

ஆட்டம் நின்றது. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“சித்தப்பா. அவர் போன்ல யார்கிட்டயோ சொன்னார். அப்புறம் தலையணையை என் மடியில வச்சார்.”

கூடப் பிறந்தவனைக் கொன்றது போதாதென்று, அவன் மகளையும் ஆயுசுக்கும் பூட்டிவைக்கப் பார்த்த மகராசன்! அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அப்பா இறந்துட்டார்,” என்றாள் அவள், யாரும் கேட்காமலே. பெண் போலீஸ் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“வக்கீல் வராம நான் வாயைத் திறக்க மாட்டேன்,” என்றார் சித்தப்பா.

இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டினார்.

“சிரமப்படாதீங்க. உங்களுக்கும் சேர்த்து உங்க அண்ணன் பொண்ணு பேசிட்டா.”