மஞ்சளானதைக் கொட்டாதே

வீட்டுக்குள் குளத்து வாசம் அடித்தது. பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க நீலப்பச்சைப் பாசியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அந்த ஈர மண் வாசம் புதிதில்லை. துணியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தாள், ஆனால் குளித்து, உடை மாற்றி, கூடத்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்ட பிறகும் அது படுக்கையறைக் கதவிடுக்கிலிருந்து கசிந்துகொண்டே இருந்தது.

உள்ளே கணவர் படுத்திருந்தார். நோயில் விழுந்ததிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. உடம்பு மஞ்சளாகி, முந்தாநாள் மூச்சுச் சத்தமும் நின்றுவிட்டது. அவள் அழவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. மனசு மரத்துப்போயிருந்தது, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள்.

அங்கே உதவிக்கு இருந்த பெண் ஒரு குடுவையைத் தூக்கிக் காட்டினாள்.

"மேடம், இந்தப் பாசி மஞ்சளாயிடுச்சு. செத்துப்போச்சு, கொட்டிடவா?"

"கொட்டாதே. சாகல. சத்து கிடைக்கலன்னா தன்னோட பச்சையையே தின்னுட்டு இப்படித்தான் சும்மா கிடக்கும். நைட்ரேட் ஊத்தி வெளிச்சத்துல வை. திரும்பப் பச்சையாயிடும்."

பல தடவை ஒப்பித்த பாடம்தான். அன்றைக்கு அதைத் தன் வாயிலிருந்தே கேட்டதும் நைட்ரேட் கரைசலில் ஒரு புட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலையே கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அதே கரைசலைக் கரண்டியால் அவர் வாயில் ஊற்றினாள். எல்லாம் கடைவாயில் வழிந்து தலையணைதான் நனைந்தது. அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்று வேலையிடத்தில் அந்தக் குடுவையில் பச்சை தெரிந்தது.

வீட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டுத் திரும்பியபோது போன் அடித்தது. அக்கா.

"உன் வீட்டுக்காரர் எப்படிடி இருக்காரு?"

"தூங்கறாரு."

"ரெண்டு நாளா இதையேதான் சொல்றே. ஏதாவது சாப்பிட்டாரா?"

"சாப்பிடுவாருக்கா."

போனை வைத்தாள். கரைசல் கிண்ணத்தோடு கதவைத் திறந்தாள். வாசம் முகத்தில் அறைந்தது. கட்டில்மேல் சாயங்கால வெயில். போர்வையை விலக்கினாள். அடிவயிற்றில், வலது பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு.

பச்சை.

செத்த உடம்பிலும் அங்கேதான் முதலில் பச்சை படரும் என்று எங்கோ படித்திருந்தாள். பயமாக இருந்தது. இருந்தும் ஊற்றினாள்.

வழியவில்லை.

இன்னொரு கரண்டி. இறங்கியது. இன்னொன்று. கிண்ணம் காலி.

கரண்டியை இழுத்தாள். வரவில்லை. பற்கள் கவ்வியிருந்தன. கண்கள் மூடியே இருந்தன. கையை விடவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பற்கள் மெதுவாக, கரண்டிக் காம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அவள் விரல்களிடம் வந்துகொண்டிருந்தன.