சோலைச்சாமியின் இந்தோசீனப் பதக்கம்

“அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவிய பதக்கத்தைக் காணலை. நாளைக்குக் குடியரசு தின விழாவுல எங்க ஊருத் தங்கசாமி அதைக் குத்திக்கிட்டு மாலை வாங்கப் போறாராம்.”

நாகலாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் கோவில்பட்டிக்கு வந்திருந்தாள் பாண்டியம்மாள். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு கொம்பையா நாற்காலியைக் காட்டினார். அடுத்த வீட்டுத் தையல்காரி சுப்புத்தாய் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

பாண்டியம்மாளின் கணவர் சோலைச்சாமி ராணுவ டிரைவர். இந்தோசீனப் பகுதியான வியட்நாமில் போர்நிறுத்தத்தைக் கண்காணித்த சர்வதேச ஆணையத்துக்கு ஜீப் ஓட்டியவர். இந்தியா தலைமையில் கனடாவும் போலந்தும் சேர்ந்தது அது. ‘நம்ம நாடு எங்க அங்கன போச்சு?’ என்று ஊர் சிரித்தபோதும் அதற்குக் கிடைத்த பதக்கத்தை அவர் வெளியே எடுக்கவில்லை. மூன்று மாதம் முன்பு இறந்துபோனார்.

“பதக்கம் இருந்த பெட்டியை யாரு தொட்டா தாயி?”

“அவிய எறந்த துட்டி அன்னிக்குத் தங்கசாமிதான் தூக்கி உள்ள வச்சாரு. அவரும் பட்டாளத்துல இருந்தவருதானே, நான் சந்தேகப்படலை.”

வியட்நாமிலிருந்து கணவர் எழுதிய பழைய கடிதத்தை நீட்டினாள். சுப்புத்தாய் வாசித்தாள்: “இங்கன வண்டியெல்லாம் வலப்பக்கமாத்தான் போகுது. மொத வாரம் அடிக்கடி இடப்பக்கமாத் திருப்பிட்டேன்.”

“போதும். நாளைக்கு வாரோம்” என்றார் கொம்பையா.

மறுநாள் நாகலாபுரம் பள்ளிக்கூட மைதானத்தில் தங்கசாமி சட்டையில் பதக்கம் மின்னியது. கொம்பையா சாவதானமாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“வியட்நாம்ல ஜீப்பு ஓட்டுறது கஷ்டமாப்பா?”

“நமக்கென்ன அண்ணாச்சி! கயத்தாறு ரோட்டுல போற மாதிரி இடப்பக்கமே விரட்டுவேன். குண்டு மழையா விழும்!”

“பொய்யி!” என்று துள்ளினாள் சுப்புத்தாய்.

“அந்த நாட்டுல வண்டி வலப்பக்கம் போகும், தங்கசாமி. இடப்பக்கம் போயிருந்தா மொத நாளே ஆஸ்பத்திரிதான். அந்தப் பதக்கத்தைக் கழட்டு.” கழட்டிக் கொடுத்ததன் விளிம்பைக் கொம்பையா வெயிலில் திருப்பினார். “இந்த ஓரத்துலதான் வாங்கினவன் பேரும் நம்பரும் பொறிப்பாங்க. இதுல அரம் போட்ட தடம் புதுசாத் தெரியுது. உம் பேரா இருந்தா எதுக்குத் தேய்க்கணும்?”

தங்கசாமி தலை குனிந்தார். “பதினஞ்சு வருசம் பட்டாளத்துல அரிசி மூட்டைதான் சுமந்தேன் அண்ணாச்சி. என்னைய யாரு கேப்பா?” எழுந்து கடைசி வரிசைக்கு நடந்தார்.

தலைமையாசிரியர் கொம்பையாவிடமிருந்து பதக்கத்தை வாங்கிப் பாண்டியம்மாளிடம் கொடுத்து மைக் முன்னால் நிறுத்தினார். அவளே அதைச் சேலையில் குத்திக்கொண்டாள். நிமிர்ந்து நின்று பேசினாள்.

“எங்க வீட்டுக்காரவிய அங்கன ஒருத்தரையும் சுடலை. யாரு சண்டையை நிறுத்தலைன்னு பாத்து எழுதுறவியள, கண்ணிவெடி ரோட்டுல பத்திரமாக் கூட்டிட்டுப் போனாவ. அதுக்குக் குடுத்தது இது.”

கடைசி வரிசையில் தங்கசாமி குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து சல்யூட் அடித்தார். பாண்டியம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு தானும் கையை நெற்றிக்கு உயர்த்தினாள்.