மேல் தட்டு டப்பா

"அடுப்படிப் பக்கம் நீங்க வரவே வேண்டாம் அண்ணி! என் பிள்ளைக்கு எங்கம்மா குக்கீஸ் செஞ்சு கொடுப்பாங்க."

சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்து நின்ற நாத்தனார் வெடித்தாள்.

"மேல் தட்டுல ஒரு டப்பா... அதை மட்டும் எடுத்துக்கறேன்மா..."

"ஒண்ணும் எடுக்க வேண்டாம்!"

மருமகள் வெளியே வந்தாள். இரண்டு வருடப் பழி இன்னும் ஆறவில்லை.

அன்று குக்கீஸில் வால்நட் விழுந்திருந்தது. நாத்தனாரின் மகள் சிட்டுவுக்கு வால்நட் ஆகாது; ஒரே கடியில் முகம் வீங்கி, மூச்சுத் திணறி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "நான்தான் மறந்து போட்டுட்டேன்" என்று மருமகள் தலைகுனிந்தாள். அதன்பின் அவள் கையால் சிட்டுவுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. கட்டிய கணவனே, "உனக்குக் கவனம் எங்க போச்சு?" என்று எத்தனை முறை குத்திக்காட்டிவிட்டான்!

பின்பக்கம் பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள். உள்ளே ஓவனிலிருந்து வெண்ணெயும் சாக்லேட்டும் மணத்தன.

"பாட்டி, சுடுது! ஊதிக் குடு!" சிட்டு சிரித்தாள்.

மாமியார் கொண்டுவந்து போட்டிருந்த பாத்திரங்களுக்கு அடியில் நறுக்கும் பலகை. அதில் ஒட்டியிருந்த பழுப்புத் தோலை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

வால்நட்!

ஈரக் கையோடு ஓடினாள். குழந்தையின் வாயருகே போன குக்கீயைத் தட்டிவிட்டாள். தட்டும் சேர்ந்து உருண்டது.

"பைத்தியமா உங்களுக்கு? என் பிள்ளை மேல இன்னும் என்ன வஞ்சம் அண்ணி?"

மருமகள் தரையைக் காட்டினாள். உடைந்த துண்டுகளில், சாக்லேட் சிப்ஸுக்கு நடுவே வால்நட் துருத்திக்கொண்டிருந்தது.

நாத்தனாருக்கு முகம் வெளுத்தது. "நீங்க உள்ளயே வரலையே... அப்போ... அம்மா?"

மாமியார் மலங்க மலங்க விழித்தார். "ஏண்டி, வால்நட் போட்டாத்தானே நீ சாப்பிடுவே? சின்னதுலேருந்தே..."

"அன்னைக்கும் அம்மாதானா? ஏன் அண்ணி சொல்லல?"

"அப்பத்தான் அத்தைக்கு மறதி ஆரம்பிச்சது. சொல்லியிருந்தா உன் பிள்ளையை அவங்க மடியில உக்கார விட்டிருப்பியா? என்னைத் திட்டினா நான் தாங்கிக்குவேன்... பேத்தி இல்லாம அவங்க தாங்க மாட்டாங்கம்மா. நீ வர்றேன்னு தெரிஞ்சாலே முதல்ல அந்த வால்நட் டப்பாவை ஒளிச்சிடுவேன். இன்னைக்குத்தான்..."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

சற்று நேரத்தில் மாமியார் தரையைப் பார்த்து முகம் சுளித்தார். "அடடா! யாரு இப்படிக் கொட்டினது?"

"நான்தான் அத்தை, கை தவறி..." என்று வழக்கம்போல் ஆரம்பித்தாள் மருமகள்.

"இல்லம்மா!" நாத்தனார் சட்டென்று மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கினாள். "நான்தான் கொட்டினேன்."

"உனக்குக் கவனம் எங்கடி போச்சு?"

"தெரியலம்மா... ரெண்டு வருஷமா எங்க போச்சுன்னே தெரியல..."

சொல்லிக்கொண்டே அண்ணியின் ஈரத் தோளில் முகம் புதைத்து அழுதாள்.