தண்ணீரில் மூழ்கிய மூச்சு

காலை பத்து மணிக்கு டாக்டர் பிணவறைக்கு வந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அழுத சுவடே இல்லை. தாடை மட்டும் இறுகியிருந்தது.

“நீங்கதான் அறுக்கற டாக்டரா?”

“ஆமாம்மா.”

“உள்ளே கிடக்கறது என் தங்கச்சி. மூணாவது மாடி வார்டுல நர்ஸ். பன்னெண்டு நாள் மூச்சு முட்டி முட்டித்தான் செத்தா. ஆபீஸ்ல என்னடான்னா, அறுக்கறதுக்கு முன்னாடியே மாரடைப்புங்கறாங்க. நீங்களும் அதையே எழுதிடாதீங்க.”

டாக்டர் உள்ளே போனாள். அதே வார்டு நர்ஸுகள் இரண்டு பேர் போன மாதம் இதே மேஜையில் கிடந்தார்கள். இரண்டு பேருக்கும் மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். “இப்போதைக்கு எழுதிக் கொடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளர் சொன்னார். அந்த அப்புறம் வரவே இல்லை.

இன்று காலைதான் அந்த இருவரின் நுரையீரல் துணுக்குகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். காற்று நிறைய வேண்டிய நுண்ணறைகளின் உட்சுவரெல்லாம் இளஞ்சிவப்பாக ஒரு சவ்வு பூசினாற்போல் ஒட்டிக்கிடந்தது. மயிரிழை ரத்தக் குழாய்களில் உறைகட்டிகள். நாடு நாடாகப் பரவிக்கொண்டிருக்கும் அதே வைரஸின் வேலை. காகிதத்தில் அந்த வார்டில் வைரஸே கிடையாது. காகிதத்தில் அங்கே காற்றை வெளியேற்றும் இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் அது நின்று ஐந்து மாதம். நர்ஸுகள் மூன்று முறை மனு எழுதினார்கள். வாரத்துக்கு ஒரு மாஸ்க் கொடுத்து வாயை அடைத்தார்கள்.

பிணவறை உதவியாளர் உடலைத் தயார்செய்து வைத்திருந்தார். அவரை எல்லோரும் ‘தராசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த உறுப்பையும் கையில் ஏந்தியே எடை சொல்வார், பத்துக் கிராம் பிசகாது.

மார்புக்கூட்டைத் திறந்து இரண்டு நுரையீரல்களையும் எடுத்து, வலதை அவர் கையில் வைத்தாள் டாக்டர். தராசின் கை கீழே இறங்கியது.

“மேடம், இது நுரையீரலா, கல்லீரலா?”

“எவ்வளவு இருக்கும்?”

“நானூறு இருக்க வேண்டியது. இது ஆயிரத்து நூறு.”

எடைக்கருவியும் அதையே சொன்னது. கருஞ்சிவப்பாக, அழுத்தினால் அமுங்காமல், ரப்பர் கட்டி போல இருந்தது. டாக்டர் ஒரு துண்டு வெட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டாள். காற்றுள்ள நுரையீரல் பஞ்சு போல மிதக்கும்.

இது கல்லைப் போல அடியில் போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நீளமாக, ஈரமாக, எதையோ கிழித்துக்கொண்டு உள்ளே போவது போல ஒரு மூச்சு.

தராசு போய் மின்விசிறியை நிறுத்தினார். உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் பார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. வெளியே பட்டப்பகல், ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் அசையாமல் கிடந்தது.

சத்தம் நிற்கவில்லை.

மேஜையிலிருந்து ஒன்று. சுவர் அலமாரியிலிருந்து இரண்டு.

அலமாரியில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. முதல் இரண்டு நர்ஸுகளின் நுரையீரல்கள். ஜாடிகளுக்குள் பார்மலின் மட்டம் மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

“மேடம், கேக்குதா?” தராசின் குரல் மாஸ்க்குக்குள்ளேயே அடங்கிப்போனது.

“கேக்குது.”

“பதினெட்டு வருஷமா இங்கே இருக்கேன். பொணம் பெருமூச்சு விடும், தெரியும். ஜாடியில இருக்கறது விடாது மேடம்.”

மேஜையைப் பார்க்க இருவருக்குமே துணிவு வரவில்லை. அங்கே மார்பு திறந்து கிடந்தது. மூச்சு விட அதற்குள் ஒன்றும் இல்லை.

தொலைபேசி மணி அடித்தது. இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. மூச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது, காது கொடுத்துக் கேட்பது போல.

“முடிஞ்சுதா?” என்றார் கண்காணிப்பாளர். “அதே ரெண்டு வரி போதும். நாளைக்குப் புதுசா நாலு நர்ஸுங்க அந்த வார்டுல சேர்றாங்க. கண்டதை எழுதி அதுங்களைப் பயமுறுத்த வேண்டாம்.”

பக்கத்து அறையில் உட்கார்ந்து டாக்டர் படிவத்தை இழுத்து வைத்தாள். இன்னும் நான்கு பேர். அது மனத்தை அறுத்தது. ஆனாலும் வேலை பழகிய கை, பயம் பழகிய கை. மரணத்தின் காரணம் என்ற இடத்தில் ‘மார’ என்று எழுதியது.

அவள் மூச்சு நின்றது.

நிற்கவில்லை. காற்று வந்தது. மூக்கில் நுழைந்தது, தொண்டையில் இறங்கியது, மார்பை விரித்தது. எங்கேயும் போய்ச் சேரவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே வந்து நிற்பது போல அது நின்றது. இன்னும் வேகமாக இழுத்தாள். விலா எலும்புகள் விண்ணென்று தெறித்தன. விரல் நகங்கள் அவள் கண்ணெதிரே நீலம் பாரித்தன.

பன்னிரண்டு நாள். இப்படியா பன்னிரண்டு நாள்?

பேனாவைக் குத்திப் பிடித்து அந்த இரண்டெழுத்தையும் கிறுக்கி அடித்தாள்.

காற்று உள்ளே பாய்ந்தது.

இருமி, மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. கண்காணிப்பாளர் மேல் கொஞ்சம்தான். பெரும்பங்கு, போன மாதம் இரண்டு முறை கையெழுத்துப் போட்ட இந்தக் கை மேல். நிமிர்ந்து உட்கார்ந்து மூன்று பேருக்கும் புதிதாக எழுதினாள். எடை, நிறம், சவ்வு, உறைகட்டி, வைரஸ், வேலை செய்யாத இயந்திரம். ஒன்றையும் விடவில்லை. எழுதி முடிக்கும்வரை மூச்சு சீராக வந்தது.

நான்கு மணிக்குக் கண்காணிப்பாளர் அந்தத் தாள்களைப் படித்தார். நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

“வார்டை மூடினா நோயாளிகளை எங்கே போடறது? என் தலையிலயா?”

“நர்ஸுங்க தலையில போடறீங்களே, அது மட்டும் பரவாயில்லையா சார்?”

“வேலைன்னு வந்தா நாலும் இருக்கத்தான் செய்யும்.”

“நீங்க கிழிச்சது நகல். அசல் வாசல்ல நிக்கற அக்கா கையில இருக்கு. சுகாதாரத் துறைக்கும் போயாச்சு.”

அவர் முகம் ரத்தமாகச் சிவந்தது. இறப்புப் பதிவேட்டைத் திறந்தார். “மனநிலை சரியில்லாத டாக்டர் எழுதினதுன்னு நான் சொல்லிக்கறேன். இங்கே நான் எழுதறதுதான் நிக்கும்.”

“அந்த வரியை எழுதாதீங்க சார்.”

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். முதல் பெயருக்கு நேராக மாரடைப்பு. பேனா தடுமாறியது. வாய் மீனைப் போலத் திறந்து மூடியது. ஒரு கை கழுத்துப் பட்டனைப் பிய்த்தது.

“அடிச்சிடுங்க! அடிச்சா மூச்சு வரும்!” என்று கத்தினாள் டாக்டர்.

அவர் அவளை முறைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது வரியை எழுதினார். மூன்றாவதை எழுதினார். கையெழுத்துப் போட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சாக, “பாத்தீங்களா... ஒண்ணும்... ஆகலை” என்றார். அவசரப் பிரிவைக் கூப்பிடுகிறேன் என்றவளை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் பிணவறை மேஜையில் கிடந்தார். அறையின் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, நாற்காலியை ஒரு ஜன்னலருகே இழுத்துப் போட்டு, வாயைப் பிளந்தபடி இறந்திருந்தாராம்.

நுரையீரலை ஏந்திய தராசு எடை சொல்லவில்லை. இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி டாக்டரைப் பார்த்தார்.

வைரஸ் பரிசோதனையில் அவருக்கு நோய்த் தொற்று இல்லை. ஆனால் மைக்ரோஸ்கோப்பின் கீழ் நுண்ணறைகள் எல்லாம் தழும்பேறி இறுகிக் கிடந்தன. அப்படித் தழும்பேற வாரக்கணக்கில் மூச்சு முட்டிக் கிடந்திருக்க வேண்டும். முந்தின நாள் மதியம் அவர் மாடிப்படி ஏறிப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். டாக்டர் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினாள்.

சுகாதாரத் துறை மூன்றாவது மாடி வார்டை மூடியது. நோயாளிகளை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புது நர்ஸுகள் நால்வரும் அந்தப் படியில் கால் வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, வெயில் சுள்ளென்று அடிக்கும் ஒரு பிற்பகலில், அந்த அக்கா திருத்திய இறப்புச் சான்றிதழை வாங்க வந்தாள். டாக்டரும் அவளும் முற்றத்தைத் தாண்டி நடந்தார்கள்.

“முதல் ரெண்டு பேருக்கே நான் சரியா எழுதியிருந்தா உங்க தங்கச்சியை அந்த வார்டுலேருந்து எடுத்திருப்பாங்க” என்றாள் டாக்டர்.

“எடுத்திருப்பாங்க,” என்றாள் அக்கா. மன்னிப்பதாக அவள் சொல்லவில்லை. நடந்துகொண்டிருந்தவள் திடீரென நின்று மேலே பார்த்தாள்.

பூட்டி முத்திரை வைத்த வார்டின் ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கமாக, ஆள் உயரத்தில் மூன்று இடங்களில் ஆவி படிந்தது. மெல்லப் பரவியது, மெல்ல மறைந்தது. மறுபடி பரவியது. அவசரமே இல்லாத, ஆழமான மூச்சு.

“இப்பவாவது நல்லா விடட்டும்,” என்றாள் அக்கா. அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

டாக்டர் அவள் தோளைத் தொடப் போனாள். தொடவில்லை. கண் கீழே போயிருந்தது.

அதே கண்ணாடியின் அடிவிளிம்பில், முட்டி போட்டுக் கிடக்கும் ஒருவரின் வாய் இருக்கும் உயரத்தில், நான்காவதாக ஒரு சின்னஞ்சிறு ஆவிப்புள்ளி வந்து வந்து மறைந்துகொண்டிருந்தது. படபடவென்று, மூச்சுக்கு முந்நூறு தரம்.